ஐந்து வீட்டுத் தம்பி

ஒருவன் இருக்கிறானா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் அவன் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தால் போதும் என்று நினைப்பவர்கள், ஐம்பிரதிப் பதிவகத்தின் படியை மிதிக்காத பாக்கியசாலிகள். வேன் அக்காவும் அன்று காலை பதினொரு மணி வரை அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் இருந்தாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். வேன் அக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பிறகு டீச்சர்கள், பெற்றோர்கள், கடைசியில் கூடப் பிறந்த தம்பியே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அந்தத் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. தன்னுடையதில் ஒன்றை அக்கா கொடுக்கிறாள். பரிசோதனையெல்லாம் முடிந்து, அன்று காலை இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்து மணிக்கட்டில் பட்டையும் கட்டியாகிவிட்டது. மறுநாள் ஏழு மணிக்கு ஆபரேஷன்.

ஒரே ஒரு காகிதம் பாக்கி. கொடுப்பவளும் வாங்குபவனும் உடன்பிறந்தவர்கள் என்று பதிவகம் தரும் சான்று. அது அன்றைய தேதியில் எடுத்ததாக இருக்க வேண்டும், மாலை நான்கு மணிக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் ஆஸ்பத்திரிக் கமிட்டி கையெழுத்துப் போடாது, ஆபரேஷன் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி முறை வர நான்கு மாதம். தம்பி இரண்டு மாதம்தான் தாங்குவான் என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இதைத் தம்பியிடம் அவள் சொல்லவில்லை.

பதிவகத்தின் கூடத்தில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் தூங்கினார்கள், ஒருவர் போர்வையே கொண்டு வந்திருந்தார். எல்லோருக்கும் மேலே சிவப்பு எழுத்தில் ஒரு பலகை எரிந்தது. பதில் கிடைக்கும் தன்மை: நூற்றுக்கு 99.999. சராசரிக் காத்திருப்பு: 4 நிமிடம். நான்கு நிமிடம்தானே என்று வேன் அக்கா உட்காரக்கூட இல்லை, டோக்கன் இயந்திரத்தைத் தேடினாள். அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, கயிறு கட்டியிருந்தார்கள்.

இயந்திரம் கெட்டுவிட்டதா என்று காவலாளியைக் கேட்டாள். காவலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. இங்கே எதுவும் கெடாது என்றார். உள்ளே பதில் சொல்ல ஆள் இல்லாத நேரங்களில் இயந்திரத்தை மூடிவிடுவார்களாம். டோக்கன் இல்லாதவர் கேள்வி கேட்டவர் ஆகமாட்டார். கேள்வியே கேட்காதவருக்குப் பதில் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பலகையில் அந்த ஒன்பதுகள் ஒன்றுகூட உதிராமல் இருப்பது இப்படித்தான் என்று அவர் விளக்கியபோது, அந்த ஒன்பதுகளைத் தானே தினம் துடைத்து வைப்பவர்போல் அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு உறையை அவிழ்த்தார்கள். வேன் அக்கா பள்ளிக்கூட வாசல் நெரிசலில் வண்டி நுழைத்துப் பழகியவள், ஏழாவது டோக்கனைப் பிடித்துவிட்டாள்.

ஜன்னலுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இருந்தார். நல்ல மாதிரி. மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்ததும் என்ன ஏது என்று விசாரித்து, நான்கு மணிக் கதையையும் கேட்டுக்கொண்டு, அடடா என்றார். பிறகு சட்டத்தைச் சொன்னார். நாட்டில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் ஐந்து பிரதிகள் உண்டு. ஒவ்வொரு பிரதியும் ஒரு வீட்டில் இருக்கும். யாரைப் பற்றிக் கேட்டாலும் குறைந்தது மூன்று வீடுகள் பதில் சொல்லியாக வேண்டும். வந்த பதில்களில் கடைசியாக எழுதப்பட்டது எதுவோ அதுதான் உண்மை.

“அந்த அஞ்சு வீடும் எங்க இருக்கு?” என்று கேட்டாள் வேன் அக்கா.

கண்ணாடி அம்மாள் கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினார். ஒரு நடை, அதில் வரிசையாக ஐந்து கதவுகள், கதவுக்கு மேல் எண்கள். முன்பெல்லாம் ஐந்தும் ஐந்து ஊர்களில் இருந்தனவாம். ஒரு ஊர் வெள்ளத்தில் போனாலும் மற்ற நான்கு நிற்கும் என்பது ஏற்பாடு. ஆனால் பதில் வரத் தாமதமானது, பலகையில் நிமிடம் ஏறியது. வேகத்துக்காக ஐந்தையும் ஒரே நடையில் கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். ஐந்து அறைகளுக்கும் ஒரே சுவிட்ச் பெட்டி, ஒரே கூரை. அந்தக் கூரை ஒழுகி, கீழே ஒரு வாளி வைக்கப்பட்டிருந்தது.

கண்ணாடி அம்மாள் தொலைபேசியைச் சுழற்றினார். முதல் வீடு ஜன்னலுக்கு அடுத்த கதவு, மணி அடித்ததும் எடுத்தது. இன்னார் இருக்கிறார், இன்னாருடைய தம்பி. இரண்டாம் வீடும் அதையே சொன்னது. வேன் அக்காவுக்கு உயிர் வந்தது. மூன்றாம் வீடு எடுக்கவில்லை. நான்காவதும் ஐந்தாவதும் தங்களுக்குள் ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தன, அது முடியும்வரை வெளியாருக்கு வாய் திறக்காது.

இன்னொரு பதில். ஒரே ஒரு பதில் வந்தால் சான்று கையில். அம்மாள் மறுபடி மூன்றாம் வீட்டுக்குச் சுழற்றினார், மறுபடியும் எடுக்கவில்லை. இப்படியே அரை மணி நேரம் போயிற்று. ஒன்று முப்பதுக்கு ஜன்னலின் மேல் ஒரு சிவப்பு விளக்கு மின்னியது. எங்கிருந்தோ கணிப்பு அதிகாரி ஓடி வந்தார்.

பதிவகத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு. பதிவுகளைப் பார்க்கும் பிரிவில் ஒன்பது பேர். பதிவகம் எவ்வளவு நன்றாக இயங்கும் என்று கணக்கிட்டு முன்கூட்டியே சொல்லும் கணிப்புப் பிரிவில் நாற்பது பேர். அந்த நாற்பது பேருக்கும் தலைவர் இவர். மடிப்புக் கலையாத சட்டை, கையில் சுருட்டிய வரைபடம். வேன் அக்காவைப் பார்த்த பார்வையில் பகை இல்லை, வருத்தம்தான் இருந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒரு பாடத்தில் தோற்றுவிட்டால் அப்பா பார்ப்பதுபோல் பார்த்தார்.

“ஏம்மா, நீங்க நாப்பது நிமிஷமா நிக்கறீங்களாமே. அப்படி நிக்க முடியாதும்மா.”

“ரெண்டரை மணி நேரமா இருக்கேன் சார். பதினொரு மணிக்கு வந்தேன்.”

“டோக்கனுக்கு முன்னாடி நீங்க வரவே இல்ல. நான் நாப்பது நிமிஷத்தைத்தான் சொல்றேன். எங்க கணிப்பு மாதிரிப்படி லட்சம் பேர்ல ஒருத்தர்கூட இருபது நிமிஷத்தைத் தாண்ட மாட்டாங்க. மூணு வருஷம் உழைச்சுப் போட்ட கணக்கு. நீங்க இங்க நிக்கறது கணக்குப்படி சாத்தியமே இல்ல.”

அவள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் பெரிதில்லை, கையில் இருக்கும் டோக்கனைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொண்டால் போதும் என்றார். இடம் போய்விடுமே என்றாள். இடம் அப்படியே இருக்கும், நேரம் மட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அவரே கிழித்து, அவரே புதிது கொண்டு வந்து கொடுத்தார். விளக்கு அணைந்தது. அதிகாரியின் முகத்துக்குக் களை திரும்பியது.

நிம்மதி வந்ததும் மனிதருக்குப் பேச்சும் வந்துவிட்டது. வரைபடத்தை ஜன்னல் மேடையில் விரித்தார்.

“சராசரி நாலு நிமிஷம் எப்படி வருதுன்னு எல்லாரும் ஆச்சரியப்படறாங்க. ரகசியம் இதோ, இந்த விரைவு ஜன்னல்தான். பிறப்புப் பதிவு. அதுக்கு மூணு வீடு தேவையில்ல, முதல் வீட்டுல எழுதினாப் போதும், மத்த நாலுக்கும் மெதுவா போய்ச் சேரும். நாப்பது செகண்டுல முடிஞ்சிரும். ஒரு நாளைக்கு ஐநூறு பிறப்பு, நூறு சான்று. கூட்டி வகுத்துப் பாருங்க, நாலு நிமிஷம். ஜனங்க பிறந்துக்கிட்டே இருந்தா இந்த நாட்டுல யாரும் காத்திருக்கவே வேண்டாம்.”

எழுதும்போது சரிபார்க்க வேண்டாமா என்று வேன் அக்கா கேட்டாள். சரிபார்த்தால் மற்ற வீடுகளைக் கேட்க வேண்டிவரும், கேட்டால் நேரமாகும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். சாவுக்கும் அதே ஏற்பாடுதானாம், அதை ஐந்தாம் வீட்டில் எழுதுவார்களாம்.

மணி இரண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளை ஏற்ற வேறு டிரைவரை அமர்த்தியிருந்தாள், அந்தக் கவலை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக அரை மணி நேரம் வேண்டும். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் வீட்டின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒருவர் உட்கார்ந்து நிதானமாக நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் தொலைபேசியின் கைப்பிடி கம்பியில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

“அம்மா, அவர் அங்கதான் இருக்கார். ரிசீவர் சரியா வைக்கல, அவ்வளவுதான். ஒரு சத்தம் குடுத்தா எடுத்து வெச்சிருவார்.”

கண்ணாடி அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரியும் என்றார். ஆனால் ஒரு வீடு விழுந்தால் எழுந்திருக்கச் சராசரியாக இரண்டு மணி நேரம் ஆகும் என்று மாதிரி சொல்கிறது. கையால் தூக்கி நிறுத்தினால் கணக்குத் தப்பும். அதிகாரியும் ஆமோதித்தார். விழுந்த வீடு தானாக எழுந்திருக்க வேண்டும், அதனால்தான் அதற்குத் தானியங்கி மீட்பு என்று பெயர்.

வேன் அக்கா கழிவறை எங்கே என்று கேட்டாள். நடையின் கடைசி என்றார்கள். நடந்தாள். மூன்றாம் கதவருகே வந்ததும் உள்ளே நுழைந்து, தொங்கிய கைப்பிடியை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். வைத்த கணமே மணி அடித்தது. நகவெட்டிக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

எடுங்க சார் என்றாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம்.

“என்னை விழுந்துட்டதா எழுதிட்டாங்களா?”

“ஆமா சார். இப்ப எழுந்தாச்சு. எடுங்க.”

“அப்படிச் சட்டுனு எடுக்கக் கூடாதும்மா. விழுந்து எழுந்த வீடு சொந்தமா பேசக் கூடாது. பக்கத்து வீட்டுல போய்ப் பார்த்து எழுதிக்கிட்டு வந்துதான் பேசணும்.”

இரண்டாம் வீடும் பக்கத்து வீடுதான். ஆனால் விதிப்படி எண்ணில் பெரிய பக்கத்து வீட்டைத்தான் பார்க்க வேண்டுமாம். நான்காம் வீட்டுக்குப் போனார். இருபது நிமிடம் கழித்து ஒரு சீட்டோடு வந்தார், மடித்துப் பிடித்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார், ஜன்னலுக்கு ஒரே வாக்கியம் சொன்னார். இன்னார் எட்டு மாதத்துக்கு முன் காலமானார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. எட்டு மாதத்துக்கு முன் செத்தது அவர்களுடைய தாய்மாமா. பதிவு செய்யப் போனவன் தம்பி. தகவல் சொன்னவர் பெயரை எழுதும் கட்டத்தில் மாமாவையும், இறந்தவர் கட்டத்தில் தம்பியையும் ஐந்தாம் வீட்டுக்காரர் எழுதிவிட்டார். மாமா இன்றைக்கும் பதிவகத்தில் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார். ஐந்திலிருந்து நான்குக்கு வந்து தங்கியிருந்த சாவு, வேன் அக்கா தன் கையால் திறந்துவிட்ட வழியில் மூன்றாம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. மூன்று பதில்களில் கடைசியாக எழுதப்பட்டது அதுதான். ஆகவே அதுதான் உண்மை. தாமதமில்லாமல் முதல் வீட்டுக்கும் இரண்டாம் வீட்டுக்கும் திருத்தச் சீட்டு போயிற்று.

அவள் ஜன்னலுக்குத் திரும்பி ஓடி வந்தாள். செல்போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள், ஒலிபெருக்கியில் போட்டு ஜன்னல் மேடையில் வைத்தாள்.

“என்ன வேன் அக்கா, கெடைச்சுதா?” என்றது தம்பியின் குரல். “சீக்கிரம் வா. நாளைக்கு ஆபரேஷன்னு சொல்லி எனக்கு இப்பவே தண்ணி குடுக்க யோசிக்கறாங்க.”

“கேட்டீங்களா? உயிரோட இருக்கான். பேசறான்.”

கணிப்பு அதிகாரி குனிந்து செல்போனை மரியாதையோடு பார்த்தார்.

“பேசறார், இல்லேன்னு சொல்லல. ஆனா எத்தனை இடத்துலேருந்து பேசறார்? ஒரே இடத்துலேருந்துதானே. மூணு இடத்துலேருந்து பதில் வந்தாத்தான் நாங்க எடுத்துக்க முடியும். உங்க தம்பிக்கு ஒரே பிரதிதாம்மா. அது விழுந்தா ஒண்ணுமே இல்ல. எவ்வளவு பலவீனமான ஏற்பாடு பாருங்க.”

அது எவ்வளவு பலவீனமான ஏற்பாடு என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. செல்போனை அணைத்தாள். அழுகை வந்தது, அழவில்லை. அதற்குள் அதிகாரி கண்ணாடி அம்மாளிடம் மகிழ்ச்சியாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக ஐந்து வீடுகளுக்குள்ளே இந்தப் பதிவில் இருந்த பிணக்கு இன்று தீர்ந்துவிட்டது, ஐந்தும் ஒரே வார்த்தை பேசுகின்றன, இப்படி ஒரு ஒற்றுமை ஆயிரத்தில் ஒரு தடவைதான் வாய்க்கும் என்றார். வேன் அக்காவுக்கும் வாழ்த்துச் சொன்னார்.

சாவை ரத்து செய்ய என்ன வழி என்று அவள் கேட்டாள். மனு கொடுக்கலாம். மனுவுக்கு ஐந்து வீடுகளும் சம்மதிக்க வேண்டும். சராசரியாகப் பதினொரு மாதம்.

மணி மூன்றடிக்க ஐந்து நிமிடம்.

அப்போதுதான் பக்கத்து ஜன்னல் அவள் கண்ணில் பட்டது. விரைவு ஜன்னல். அங்கே வரிசை ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பினார்கள். கடைசியாக எழுதப்பட்டது எதுவோ அதுதான் உண்மை. வேன் அக்கா கணிதம் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு வழி அடைத்துக்கொண்டால் மறுவழியில் வண்டியை விட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வரிசையில் போய் நின்றாள்.

“பிள்ளை பேரு?” என்றார் விரைவு ஜன்னல்காரர். சொன்னாள். ஆணா பெண்ணா? ஆண். அம்மா பெயர், அப்பா பெயர்? சொன்னாள். இருவரும் ஐந்து வீட்டுப் பதிவிலும் பிசகில்லாமல் இறந்தவர்கள். அவர் யாரையும் கேட்கவில்லை, கேட்டால் நேரமாகும். எந்த ஆஸ்பத்திரி என்றார், அதையும் உள்ளபடியே சொன்னாள். பிறந்த நேரத்தை அவரே கடிகாரம் பார்த்து மூன்று ஆறு என்று போட்டுக்கொண்டார்.

“எடை?”

பொய் சொல்லத் தயாராக வந்தவளுக்கு அந்த இடத்தில் நாக்கு புரளவில்லை. காலையில் ஆஸ்பத்திரியில் தம்பியை நிறுத்துப் பார்த்த எடையே வாயில் வந்தது. “நாப்பத்தெட்டு.”

படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான், நடுவில் புள்ளி அச்சடித்தே இருந்தது. அவர் நான்கையும் எட்டையும் போட்டார். நான்கு புள்ளி எட்டு கிலோ, நல்ல புஷ்டியான குழந்தை என்று பாராட்டி, சீட்டை முதல் வீட்டுக்கு அனுப்பினார். முப்பத்தெட்டு செகண்டு.

மறுபடி பழைய ஜன்னல். கண்ணாடி அம்மாள் ஒன்றும் கேட்காமல் இந்தத் தடவை ஐந்து வீடுகளுக்கும் சேர்த்துத் தொலைபேசியைச் சுழற்றினார். இரண்டாம் வீடு எடுத்தது, காலமானார் என்றது. மூன்றாம் வீடும் இப்போது வெகு சுறுசுறுப்பு, காலமானார் என்றது. முதல் வீடு எடுக்கவில்லை. என்றைக்கும் முதல் மணியில் எடுக்கிற வீடு. நடையில் எட்டிப் பார்த்தாள். முதல் வீட்டுக்காரர் கையில் டம்ளரோடு கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். நான்காம் வீடு முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டால் மூன்று ஆகிவிடும், தம்பி திரும்பவும் செத்துப்போவான். மணி மூன்றாவது தடவை அடித்தது. நான்காம் வீட்டில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஐந்தாவது தடவை அடித்தபோது முதல் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே டம்ளரை வாளி விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

“இன்னார்,” என்றார், “இன்னிக்கு மூணு ஆறுக்குப் பிறந்திருக்கார். இன்னாரோட தம்பி.”

கண்ணாடி அம்மாள் சான்றை அச்செடுத்தார். எடுத்தவர் கொடுக்கவில்லை. வயது என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. அவர் பார்வை அங்கேயே நின்றது, பிறகு வேன் அக்காவின் மணிக்கட்டுப் பட்டைக்கு வந்தது.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு,” என்று தாழ்ந்த குரலில் சொல்லி முத்திரையைக் குத்தினார். “ஓடு.”

ஓடினாள். பின்னால் கணிப்பு அதிகாரி பலகையைக் காட்டி யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. சராசரி நான்கிலிருந்து மூன்று புள்ளி ஒன்பதுக்கு இறங்கியிருந்தது.

வேனை அவள் அப்படி ஓட்டி யாரும் பார்த்ததில்லை, பிள்ளைகள் பார்க்காமல் இருந்ததும் நல்லதுதான். ஆஸ்பத்திரியின் கமிட்டி அறை வாசலில் சான்றை நீட்டியபோது மூன்று ஐம்பத்திரண்டு. குமாஸ்தா எண்ணைக் கணினியில் தட்டினார். கணினி யோசித்தது. குமாஸ்தாவின் புருவம் ஏறியது. வேன் அக்கா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“நோயாளி மைனர்னு காட்டுது. அப்பா அம்மா கையெழுத்து வேணும்.”

“அப்பா அம்மா இல்லீங்க. போய்ப் பதினேழு வருஷம் ஆச்சு.”

காலையில் வந்து சேர்ந்த நோயாளி மதியம் பிறந்தது எப்படி என்றும் அவர் கேட்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்து நீட்டினார். அப்படியானால் காப்பாளர் யார், அவர் கையெழுத்துப் போட வேண்டும், எந்தத் தேதியிலிருந்து காப்பாளர் என்றும் எழுத வேண்டும் என்றார்.

வேன் அக்கா பேனாவை வாங்கினாள். பெயரை எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். தேதிக் கட்டத்தில் பதினேழு வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையின் தேதியை எழுதினாள். அன்றைக்கு அவளுக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்குப் பன்னிரண்டு. காலையிலிருந்து எத்தனையோ படிவம் எழுதியிருந்தாள், யோசிக்காமல் எழுதிய வரி அது ஒன்றுதான். அதற்கு இதுவரை யாரும் காகிதம் கேட்டதில்லை. குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்க்கவில்லை, முத்திரையைக் குத்தி உள்ளே அனுப்பினார்.